புது ரைசன் 5600 ப்ரொசெசர்: க்ளொக்கை (ஓடும் வேகத்தை) எங்கே நிறுத்துவது? மலைநாட்டுக் குளிரில் போட்ட செட்டிங் கொழும்பில் நிற்குமா?

தலவாக்கலை_அக்கா

வணக்கம் எல்லாருக்கும். வீட்டுக்குப் புதிதாக ஒரு கொம்பியூட்டர் எடுத்திருக்கிறோம். ரைசன் 5 5600 ப்ரொசெசர், பி550 மதர்போர்ட், டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி இரண்டு, ப்ரொசெசரோடு வந்த ஸ்டெல்த் கூலர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட், 550 வாட் பவர் சப்ளை. சாமான் கொழும்பில் வாங்கியது. அசெம்பிள் பண்ணிக் கொடுத்ததும் அந்தக் கடையில்தான். கொண்டுவந்து விண்டோஸ் போட்டதிலிருந்து மூன்று விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங் பக்கத்தில்) 3500 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது, பெட்டியில் 4.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகம் 2400. அப்புறம், சும்மா டெஸ்க்டொப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே கோர் வோல்டேஜ் 1.4க்கு மேலே ஏறி இறங்குகிறது. இது ப்ரொசெசரைக் கெடுத்துவிடாதா?

கடைக்குப் போன் பண்ணினேன். "மல்டிப்ளையரை 44 போட்டு, வோல்டேஜ் 1.35 கொடுங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். கையை வைக்கும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். எனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங், தம்பிக்குப் படிப்பு. இரண்டுக்கும் இந்த ஒரு மெஷின்தான். காசு சேர்த்து வாங்கியது, அதனால்தான் இவ்வளவு யோசனை.

ஹட்டன்_நெட்வேர்க்

தங்கச்சி, முதல் விஷயத்தில் பயமே வேண்டாம். 3500 என்பது அடிப்படை வேகம். பேஸ் க்ளொக் 100 மெகாஹெர்ட்ஸ், அதை 35ஆல் பெருக்கினால் 3500. அந்த 35தான் மல்டிப்ளையர். பயாஸ் பக்கத்தில் அதைத்தான் எழுதிக்காட்டும். விண்டோஸுக்குள் வந்து ஏதாவது வேலை கொடுத்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் பாருங்கள், 4.2, 4.3 என்று ஏறி நிற்கும். ஏறவில்லை என்றால் பவர் பிளானில் மேக்ஸிமம் ப்ரொசெசர் ஸ்டேட் 100 இருக்கிறதா என்று பாருங்கள். அதை 99 ஆக்கினாலே பூஸ்ட் (தானாக வேகம் ஏறுவது) நின்றுவிடும். ஏஎம்டி சிப்செட் ட்ரைவரையும் போட்டுவிடுங்கள்.

சில போர்டில் 3500க்குப் பதிலாக 3493 மாதிரி ஒரு எண் வரும். அது ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் (மின் இரைச்சலைக் குறைக்க க்ளொக்கை லேசாக அசைப்பது) செய்யும் வேலை, குறை இல்லை. அதைச் சரிப்படுத்தப் போய் பேஸ் க்ளொக்கைத் தொடவே வேண்டாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டும் டிஸ்க்கும் பேசும் பாதை) வரை அதோடு சேர்ந்து நகரும், டிஸ்க் பிழை வர ஆரம்பித்தால் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

பதுளை_ரிப்பேர்

கடைக்காரர் சொன்ன 44 சரி. 1.35தான் தப்பு. அந்தச் சின்ன கூலருக்கு அது அடுக்காது. 1.25இல் ஆரம்பிக்கவும், நிற்கவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவும்.

எனக்கு இந்தத் தொழிலில் நிறைய வருடம். கையால் ஒரு வேகத்தைப் போட்டு, ஒரு வோல்டேஜைப் போட்டு, ஓட்டிப் பார்த்து மூடிவிட்டால் மெஷின் எப்போதும் ஒரே மாதிரி நிற்கும். தானாக ஏறி இறங்குகிற எதையும் நான் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதில்லை. ஐ5 2500கே காலத்தில் 4.5இல் பூட்டிக் கொடுத்த மெஷின்கள் பதுளையில் இன்னமும் ஓடுகின்றன.

நுவரெலியா_பௌதிகம்

பதுளை அண்ணனின் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் அந்தக் காலத்துச் சிப்பும் இதுவும் வேலை செய்யும் விதம் வேறு, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2500கே 2011இல் வந்தது. டர்போ 3.7இல் நின்றுவிடும், சிலிக்கனோ 4.5 வரை போகக்கூடியது. நடுவில் இருந்த அந்த இடத்தை நாம் கையால் எடுத்துக்கொண்டோம். இன்றைய ரைசன் அந்த இடத்தை நமக்கு விட்டுவைப்பதில்லை. வெப்பம், மின்னோட்டம், மொத்த வாட் மூன்றையும் ஓயாமல் அளந்து, இடம் இருக்கும் அளவுக்குத் தானே ஏறிக்கொள்கிறது. 5600க்கு அந்த எல்லைகள்: மொத்த சக்தி 76 வாட், தொடர் மின்னோட்டம் 60 ஆம்பியர், உச்ச மின்னோட்டம் 90 ஆம்பியர், வெப்பம் 90 டிகிரி. நீங்கள் மல்டிப்ளையரைக் கையால் போட்ட அந்த நிமிடமே முதல் மூன்று எல்லைகளும் விலகிவிடும். வெப்ப எல்லை ஒன்றுதான் காவலுக்கு மிஞ்சும்.

1.4 வோல்ட் விஷயம். ஒரு கோர் மட்டும் ஒரு நொடி விழித்து ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டுத் தூங்கும்போது வோல்டேஜ் உயரமாக இருக்கும், ஆனால் ஓடும் மின்னோட்டம் மிகச் சொற்பம். அது வடிவமைப்பிலேயே உள்ளது. ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும்போது அதுவே வோல்டேஜைக் கீழே இறக்கிக்கொள்ளும். கெடுதல் எப்போது? ஆறு கோரும் முழு மூச்சில் ஓடும்போது 1.4 பூட்டி வைத்திருந்தால். கண்காணிக்கும் மென்பொருளே கோர்களைத் தட்டி எழுப்பும் என்பதையும் கணக்கில் எடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு அதில் எஃபெக்டிவ் க்ளொக் (தூங்கும் நேரத்தையும் சேர்த்த சராசரி வேகம்) என்ற வரிசையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது அது நூறு மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேகூட இருக்கும். கோர் உண்மையில் தூங்குகிறது என்று அர்த்தம்.

செலவையும் பாருங்கள். அதே வேகத்தில் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.25ஐ 1.35 ஆக்கினால் ஒரு மெகாஹெர்ட்ஸ் கூடக் கூடாமல் சுமார் 17 சதவீதம் அதிக வெப்பம்.

பதுளை_ரிப்பேர்

கணக்கு சரி சேர். ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் விட்டுவிட்டீர்கள். கையால் பூட்டிய மெஷினை ஒரு இடத்தில் சோதித்தால் போதும், அது எப்போதும் அந்த ஒரு இடத்தில்தான் ஓடும். தானாக ஏறுவது எந்த நேரம் எந்த வேகத்தில் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறது என்று எத்தனை ரைசன் என்னிடம் வந்திருக்கிறது.

கொட்டகலை_பையன்

அக்கா, அதெல்லாம் இருக்கட்டும். ரேம் எந்த ஸ்லொட்டில் இருக்கிறது? கேசிங்கைத் திறந்து ஒரு போட்டோ போடுங்கள்.

தலவாக்கலை_அக்கா

போட்டோ போட்டிருக்கிறேன். ப்ரொசெசரில் இருந்து எண்ணினால் முதல் ஸ்லொட், இரண்டாவது ஸ்லொட். கடையில் போட்டபடியே இருக்கிறது, நான் தொடவில்லை.

ஹட்டன் அண்ணா சொன்னபடி பார்த்தேன், வேலை கொடுத்தால் 4.2க்கு மேலே போகிறது. அந்தக் கவலை தீர்ந்தது. பௌதிகம் சேருக்கும் நன்றி, வோல்டேஜ் விஷயம் இப்போது விளங்குகிறது.

கொட்டகலை_பையன்

அதேதான் அக்கா. பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் ஒரே சானலில்தான் (ரேமுக்கும் ப்ரொசெசருக்கும் இடையிலான பாதை) ஓடும். ப்ரொசெசரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். போர்டிலேயே ஏ2, பி2 என்று சின்னதாக எழுதியிருக்கும். மாற்றிவிட்டு சிபியு-இசட் என்ற மென்பொருளில் மெமரி பக்கத்தைப் பாருங்கள், சானல் இரண்டு என்று வரவேண்டும்.

அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை ஒன் பண்ணுங்கள். சில போர்டில் டிஓசிபி என்று இருக்கும். 3200 என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அதை நாம் ஒன் பண்ணும்வரை ரேம் பாதுகாப்பான வேகத்தில்தான் எழும்பும்.

இந்த மெஷினில் 44ஆ 42ஆ என்ற பேச்சைவிட இது பெரிய விஷயம். 2400இல் ஒரு சானல் என்றால் நொடிக்கு 19.2 ஜிபி. 3200இல் இரண்டு சானல் என்றால் 51.2 ஜிபி. எடிட்டிங்கில் டைம்லைனை இழுத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஹட்டன்_நெட்வேர்க்

நல்ல கண் தம்பி. இன்னொன்று: மாற்றிய பிறகு சிபியு-இசட் 1600க்குப் பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டும். பாதிதான் ஓடுகிறது என்று பயப்படவேண்டாம். டிடிஆர் ஒரு க்ளொக்குக்கு இரண்டு தடவை தரவை அனுப்பும், 1600தான் 3200. ப்ரொசெசருக்குள் இருக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற உள் இணைப்பும் 1600இல் இருக்கவேண்டும். இரண்டும் சமமாக ஓடும்போதுதான் தாமதம் குறைவு. பெரும்பாலும் போர்டே அப்படிப் போட்டுவிடும்.

தலவாக்கலை_அக்கா

மாற்றிவிட்டேன். இரண்டு சானல், 3200, டைமிங் 16-18-18-38, 1.35 வோல்ட். கொட்டகலைத் தம்பிக்குப் பெரிய நன்றி. எடிட்டிங் மென்பொருள் திறக்கும்போதே தெரிகிறது.

ஆனால் புதுப் பிரச்சினை. இன்று காலையில் சுவிட்சைப் போட்டால் பேன் சுற்றுகிறது, திரை வரவில்லை. தானாக நின்று, திரும்ப எழும்பி, திரும்ப நின்று, கடைசியில் ஒரு பீப் சத்தத்தோடு பயாஸுக்குள் போய் "செட்டிங் தோல்வி" என்று சொல்கிறது. பார்த்தால் ரேம் மறுபடி 2400. திரும்ப 3200 போட்டேன், நாள் முழுக்க ஒழுங்காக ஓடியது. விடியக்காலையில் மட்டும்தான் இந்தக் கூத்து. இங்கே மார்கழிப் பனி நல்லாகவே இறங்குகிறது. அறைச் சுவரில் தொங்கும் தெர்மோமீட்டர் காலையில் 12 காட்டியது.

நுவரெலியா_பௌதிகம்

குளிர்ந்த நிலையில் எழும்பாமல் போவது உண்மையான பிரச்சினைதான். ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் போர்ட் ரேமோடு பேசி, எந்த நேர இடைவெளியில் சமிக்ஞை சுத்தமாக வருகிறது என்று பழகிக்கொள்ளும். அதை மெமரி ட்ரெயினிங் என்பார்கள். பகலில் சூடான நிலையில் விளிம்பில் தேறுவது, 12 டிகிரியில் தேறாமல் போகலாம். தேறவில்லை என்றால் சில தடவை முயன்றுவிட்டுப் பாதுகாப்பான வேகத்துக்குத் திரும்பும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இந்த வரிசையில் செய்துபாருங்கள். பயாஸைப் புதிய பதிப்புக்கு ஏற்றுங்கள், ஏஜெசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் நிரல்) புதுப்பிப்புகளில் ரேம் பொருத்தம் பல தடவை சீராகியிருக்கிறது. அதற்கும் சரிவராவிட்டால் எஸ்ஓசி வோல்டேஜை (ப்ரொசெசருக்குள் ரேமைக் கவனிக்கும் பகுதிக்குப் போவது) ஓட்டோவில் விடாமல் 1.1 என்று போடுங்கள். 1.2ஐத் தாண்டவேண்டாம். அப்படியும் பிடிவாதம் என்றால் 3000இல் விட்டுவிடுங்கள், பெரிய நஷ்டம் இல்லை.

பயாஸ் ஏற்றும்போது யூபிஎஸ் கட்டாயம். நடுவில் கரண்ட் போனால் போர்டே எழும்பாமல் போகலாம். பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்ட் என்றால் மீட்டுவிடலாம், எல்லாப் போர்டிலும் அது இல்லை. மழை, காற்று இல்லாத காலை நேரமாகப் பாருங்கள். இந்த மாதத்தில் எந்த மரக்கிளை எந்த லைனில் விழும் என்று சொல்லமுடியாது.

ஹட்டன்_நெட்வேர்க்

யூபிஎஸ் பற்றிச் சேர் சொன்னதால் ஒரு வார்த்தை. 650 விஏ என்று விற்பது உண்மையில் 360, 390 வாட்தான் கொடுக்கும். உங்கள் மெஷினுக்கு அது போதும். கரண்டை ஒரு தடவை பிடுங்கிப் பார்த்து, மெஷின் அணையாமல் நிற்கிறதா என்று நிச்சயப்படுத்திவிட்டுப் பயாஸைத் தொடுங்கள். சில யூபிஎஸ்ஸின் சதுர அலை சில பவர் சப்ளைக்கு ஒத்துவராமல் மாறும் கணத்தில் அணைந்துவிடும்.

இன்னொன்று, கேசிங்கைத் தொட்டால் விரலில் கிறுகிறு என்று ஒரு உணர்வு வருகிறதா? டெஸ்டர் வைத்தால் எரிகிறதா? அப்படியென்றால் எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டியின் கசிவு போக வழியில்லாமல் இரும்பில் நிற்கிறது. பழைய லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வயரிங்கில் இது சர்வசாதாரணம், ஆனால் சாதாரணமாக விடக்கூடியது இல்லை. தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் ரொட் அடித்துவிடுங்கள். க்ளொக் செட்டிங்கைவிட அதற்குத்தான் முதல் இடம்.

பொகவந்தலாவை_வெள்ளவத்தையில்

இந்த இழையை முதலில் இருந்து வாசித்தேன். யாரும் கேட்காத ஒரு கேள்வி: இந்த மெஷின் எங்கே ஓடப்போகிறது? தம்பிக்குப் படிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். தலவாக்கலையிலேயே இருக்குமா?

தலவாக்கலை_அக்கா

இல்லை அண்ணா. தம்பிக்குக் கொழும்புக்குப் பக்கத்து மொரட்டுவைக் கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைத்திருக்கிறது. தை பிறந்ததும் போகிறான். கல்யாண சீசன் முடிந்ததும் மெஷினும் அவனோடு போகும். நான் பிறகு ஒரு லெப்டொப் பார்த்துக்கொள்வேன்.

பயாஸ் ஏற்றி, எஸ்ஓசி 1.1 போட்டபிறகு இன்று காலை ஒரே தடவையில் எழும்பிவிட்டது. இன்னும் சில குளிர்ந்த காலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எர்த் விஷயம் உண்மை, டெஸ்டர் எரிகிறது. மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

பொகவந்தலாவை_வெள்ளவத்தையில்

கம்பஸ் கிடைத்ததற்கு வாழ்த்துகள், தம்பிக்குச் சொல்லுங்கள். நான் கேட்ட காரணத்தைச் சொல்கிறேன். என் அனுபவத்தில் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம் இதுதான்.

கூலர் ஒன்று ப்ரொசெசரை இத்தனை டிகிரிக்குக் குளிர்விக்கும் என்று ஒரு எண் கிடையாது. அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே வைத்திருக்கும் என்பதுதான் கணக்கு. 76 வாட்டுக்கு ஸ்டெல்த் கூலர் சுமார் 50 டிகிரி மேலே வைத்தால், 18 டிகிரி அறையில் 68. அதே மெஷின், அதே செட்டிங், மொரட்டுவையில் 32 டிகிரி அறையில் 82. நான் இருக்கும் மாடி அறைக்குத் தகரக் கூரை, பங்குனி சித்திரையில் பகல் முழுக்க அறையே 34க்குக் குறையாது.

பதுளை அண்ணன் "ஒரு இடத்தில் சோதித்தால் போதும்" என்றார். வேகமும் வோல்டேஜும் மாறாது என்பது சரி, ஆனால் சிலிக்கன் மாறும். சூடு ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் கூடும், அதே வேகத்தைப் பிடிக்க வோல்டேஜும் கொஞ்சம் கூடுதலாக வேண்டிவரும். 68இல் 4.4ஐ 1.25இல் சுத்தமாகத் தாங்கிய சிப், 82இல் ரெண்டரிங் நடுவே திரையை நீலமாக்கலாம். அங்கே அவனுக்குப் பரீட்சை நேரமாக இருக்கும், நீங்கள் தலவாக்கலையில் இருப்பீர்கள்.

அதனால் கோர் வேகத்தைப் ப்ரொசெசரிடமே விட்டுவிடுங்கள். சூடு கூடினால் அதுவே ஐம்பது நூறு மெகாஹெர்ட்ஸைக் கழித்துக்கொண்டு வேலையைத் தொடரும். கையால் பூட்டியதற்கு அந்த இறங்கும் வழி கிடையாது.

பதுளை_ரிப்பேர்

இது நியாயமான பேச்சு. என் வாடிக்கையாளர்கள் பதுளை, பசறை, ஹாலிஎல சுற்றுவட்டாரம்தான். நான் சோதிக்கும் கடைக்கும் மெஷின் ஓடும் வீட்டுக்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, பகலில் இங்கே 29, 30 போகும். மலையில் இருந்து இறக்கிக் கரையோரம் கொண்டுபோகும் மெஷினுக்கு நானும் கையால் பூட்டச் சொல்லமாட்டேன்.

ஆனால் ஓட்டோவில் விட்டாலும் சோதனை வேண்டுமே? தலவாக்கலையில் இருந்துகொண்டு மொரட்டுவைச் சூட்டை எப்படிச் சோதிப்பது? அதைச் சொல்லுங்கள்.

பொகவந்தலாவை_வெள்ளவத்தையில்

முடியும் அண்ணே. சின்ன அறை ஒன்றில் கதவு ஜன்னலைச் சாத்துங்கள். கேசிங்கின் பின்னாலும் மேலேயும் பெரிய காட்போட் அட்டைகளை நிறுத்தி, வெளியே வரும் சூடான காற்று சுற்றிக்கொண்டு முன்பக்கமே திரும்ப வரும்படி செய்யுங்கள். கேசிங்கை ஒட்டவேண்டாம், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். முன் பேனுக்கு நேரே அந்தச் சுவர்த் தெர்மோமீட்டரைத் தொங்கவிடுங்கள். சினிபெஞ்ச் ஆர்23 என்ற ப்ரொசெசர் சோதனை மென்பொருளைப் பத்து நிமிட சோதனையில் ஓடவிட்டு, தெர்மோமீட்டர் 31, 32 வந்ததும் எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பத்தை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இருங்கள், விட்டுவிட்டு வெளியே போகவேண்டாம்.

நுவரெலியா_பௌதிகம்

அருமையான முறை. இதற்கு ஒரு சிறு திருத்தம் மட்டும். மலையில் காற்று மெலிது. நுவரெலியா 1868 மீட்டர், இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு, அதனால் அதே பேன் அதே வேகத்தில் அள்ளும் காற்றின் நிறையும் குறைவு. தலவாக்கலை இதைவிடத் தாழ்வு, அங்கே வித்தியாசமும் குறைவு. அதாவது ஒரே வெப்பநிலைக் காற்றில் மொரட்டுவையில் கூலர் ஒரு சிறிதளவு நன்றாகவே வேலை செய்யும். உங்கள் அட்டைச் சோதனையில் வரும் எண் கொஞ்சம் கடுமையான பக்கமே இருக்கும், அது நல்லதுதான்.

பனிமூட்டம் பற்றியும் சிலர் கேட்பார்கள். ஓடும் மெஷின் அறைக் காற்றைவிடச் சூடு, அதில் ஈரம் படியாது. இரவு முழுக்க அணைந்து குளிர்ந்த மெஷின் பக்கத்தில் காலையில் அடுப்பங்கரை ஆவி வந்தால்தான் உள்ளே வியர்க்கும். மெஷினைச் சமையல் அறைச் சுவரோடு வைக்கவேண்டாம்.

தலவாக்கலை_அக்கா

சோதித்துப் பார்த்தேன். மாமா வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டையைப் பிரித்து நிறுத்தினோம். தெர்மோமீட்டரை முன் வலைக்கு நேரே நூலில் கட்டிவிட்டான் தம்பி.

எல்லாம் ஓட்டோ, 18 டிகிரி காற்று: வெப்பம் 71, சினிபெஞ்ச் 10,900.
எல்லாம் ஓட்டோ, 31 டிகிரி காற்று: வெப்பம் 84, சினிபெஞ்ச் 10,780.

வெள்ளவத்தை அண்ணா சொன்ன கணக்கு அப்படியே வந்துவிட்டது, இரண்டிலும் காற்றைவிட 53 மேலே. 84 என்பது 90க்குள் என்றாலும் பேன் சத்தம் தாங்கவில்லை. தம்பி தங்கப்போவது இன்னொரு பையனோடு ஒரே அறையில். இதைக் குறைக்க வழி உண்டா? கர்வ் ஆப்டிமைசர் என்று ஒன்று சொல்கிறார்களே?

கொட்டகலை_பையன்

இரண்டு வழி இருக்கிறது அக்கா.

ஒன்று ஈகோ மோட். பயாஸில் ஏஎம்டி ஓவர்க்ளொக்கிங் பக்கத்தில் இருக்கும், 45 வாட் என்று போட்டுவிடலாம். வேகத்தில் கொஞ்சம் போகும், சூட்டில் நிறையப் போகும்.

மற்றது கர்வ் ஆப்டிமைசர். ஒவ்வொரு வேகத்துக்கும் ப்ரொசெசர் கேட்கும் வோல்டேஜைக் கொஞ்சம் கீழே தள்ளுவது. ஒரு படிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட். நெகட்டிவ் 30 வரை போகலாம், ஆனால் எல்லாச் சிப்பும் தாங்காது. எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 10இல் ஆரம்பியுங்கள். அதே வாட்டுக்குள் வேகம் கொஞ்சம் கூடும்.

பதுளை அண்ணன் சொன்ன "சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட்" பெரும்பாலும் இதை அதிகமாக இறக்கியதால் வருவதுதான். முழுச் சுமையில் பிழை வராது. ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் வரும். அதனால் சினிபெஞ்ச் மட்டும் போதாது. கோர்சைக்ளர் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு கோராகச் சோதிக்கும். இரவு ஓடவிடுங்கள். பிறகு விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் (ஹார்ட்வேர் பிழைப் பதிவு) 18, 19 என்று ஏதும் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். ஒன்று இருந்தாலும் அந்தக் கோருக்கு இறக்கியதைக் குறைக்கவேண்டும்.

பொகவந்தலாவை_வெள்ளவத்தையில்

தம்பி சொன்னதோடு: திரையில் காட்டும் மெகாஹெர்ட்ஸை மட்டும் நம்பவேண்டாம். வோல்டேஜ் பற்றாக்குறை வந்தால் ரைசன் நின்றுபோகாமல் க்ளொக்கை உள்ளுக்குள் நீட்டிவிடும். காட்டுவது 4.4, உண்மையில் நடக்கும் வேலை அதைவிடக் குறைவு. எஃபெக்டிவ் க்ளொக்கும் சினிபெஞ்ச் ஸ்கோரும் சேர்ந்து ஏறினால்தான் அது லாபம். ஸ்கோர் இறங்கினால் உடனே ஒரு படி திரும்புங்கள்.

கர்வ் சோதனையைக் குளிர்ந்த காலையிலும் ஒரு தடவை செய்யுங்கள். குளிர்ந்த சிப் உச்ச வேகத்தைத் தயங்காமல் தொடும், கூடுதல் நேரம் பிடித்தும் வைத்திருக்கும். ஒற்றைக் கோர் பிழை அங்கேதான் எட்டிப்பார்க்கும். சூட்டில் ஒரு சோதனை, குளிரில் ஒரு சோதனை, இரண்டும் வேண்டும். இந்த விஷயத்தில் உங்களுக்கு நல்ல வசதி, குளிரை இங்கே கொழும்பில் காசு கொடுத்தும் வாங்கமுடியாது.

ஓவர்க்ளொக் செய்து வந்த பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்று ஏஎம்டியே சொல்கிறது. கர்வ் ஆப்டிமைசர் அந்தக் கணக்கில்தான் வரும். வோல்டேஜை இறக்குவதால் சிப் எரியாது என்றாலும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

தலவாக்கலை_அக்கா

கர்வ் நெகட்டிவ் 15இல் சினிபெஞ்ச் சூட்டிலும் தேறியது, ஸ்கோரும் ஏறியது. ஆனால் விடியக்காலை கோர்சைக்ளரில் நான்காவது கோரில் பிழை, ஈவென்ட் வியூவரில் 18 என்று பதிவும் இருந்தது. பகலில் ஓட்டியபோது அதே கோர் ஒழுங்காகத்தான் தேறியிருந்தது. வெள்ளவத்தை அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. நெகட்டிவ் 10க்கு வந்தேன், குளிரிலும் சூட்டிலும் சுத்தம்.

அதோடு ஈகோ மோட் 45 வாட்டும் போட்டுப் பார்த்தேன். 31 டிகிரி காற்றில் வெப்பம் 73, சினிபெஞ்ச் 10,250. பேன் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது.

இங்கே இருக்கும்வரை ஈகோ இல்லாமல், கர்வ் 10 மட்டும். ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் ஆக ஆகும் நேரம் எனக்கு முக்கியம். மொரட்டுவைக்குப் போகும் அன்று ஈகோ 45. இரண்டையும் பயாஸில் தனித்தனி ப்ரொஃபைலாகச் சேமித்து, தம்பிக்கு எப்படி மாற்றுவது என்றும் காட்டிக்கொடுத்துவிட்டேன். போர்டில் க்ளியர் சிமோஸ் ஜம்பர் (பயாஸ் செட்டிங்கை அழித்து மீட்பது) எங்கே இருக்கிறது என்றும் காட்டியிருக்கிறேன். ரேம் 3200, எஸ்ஓசி 1.1, குளிர்ந்த காலைகளில் ஒழுங்காக எழும்புகிறது. மெம்டெஸ்ட்86 ரேம் சோதனை ஒரு முழு ஓட்டம் பிழையில்லாமல் முடிந்தது. எர்த் ரொட்டும் அடித்தாகிவிட்டது, டெஸ்டர் இப்போது எரியவில்லை.

பதுளை_ரிப்பேர்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தங்கச்சி. அந்த அட்டை முறையை நானும் கடையில் வைத்துக்கொள்ளப்போகிறேன், கொழும்புக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் மெஷின்கள் இங்கேயும் நிறைய வருகின்றன. லொரியிலோ பஸ்ஸிலோ அனுப்பும்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகப் பொதி பண்ணுங்கள். வளைவுப் பாதையில் ஸ்லொட் உடைந்து வந்த போர்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

மஸ்கெலியா_புதியவர்

இழை முழுக்க வாசித்தேன், மிகவும் பயன்பட்டது. என்னிடம் இருப்பது இன்டெல் ஐ5 12400, பி660 போர்ட். டாஸ்க் மேனேஜரில் 2.50 என்று காட்டுகிறது. எனக்கும் கர்வ் ஆப்டிமைசர் இருக்கிறதா?

ஹட்டன்_நெட்வேர்க்

இல்லை, அது ஏஎம்டிக்கு. 2.50 உங்கள் சிப்பின் அடிப்படை வேகம், வேலை கொடுத்தால் 4.4 வரை போகும். கே எழுத்து இல்லாத சிப் என்பதால் மல்டிப்ளையர் பூட்டியிருக்கும். நீங்கள் பார்க்கவேண்டியது பயாஸில் பிஎல்1, பிஎல்2 (நீடித்த, குறுகிய நேர வாட் எல்லை) என்ற இரண்டு எண். இன்டெல் சொல்லும் அளவு 65 வாட், 117 வாட். சில போர்டுகள் இரண்டையும் மிக உயரத்தில் திறந்துவிட்டிருக்கும். பெட்டிக் கூலர்தான் என்றால் இந்த எண்களுக்கே கொண்டுவந்து வையுங்கள். எக்ஸ்எம்பி பி660இலும் வேலை செய்யும். முதலில் ரேம் எந்த ஸ்லொட்டில் என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.